கரை செட்டின் வடிகட்டி

உக்காருங்க தம்பி. அந்த முக்காலி வேண்டாம், ஈயம் ஒட்டிக் கிடக்கும், வேட்டி பாழாயிரும். இந்தக் கட்டில்ல உக்காருங்க. உங்க ஊர்க் கமிட்டி அனுப்பித்தான வந்திருக்கீங்க? வயர்லெஸ் செட்டுல ஒரே இரைச்சல், கப்பக்காரன் பேச்செல்லாம் ஏறிக்கிட்டு வருது, மோத்தா வந்து சுத்தம் பண்ணிக் கொடுக்கணும். அதான? வாரேன். வரமாட்டேன்னு சொல்லல. ஆனா இந்த ஊர்ல எனக்கு நடந்ததைக் கேட்டுட்டு, அதுக்கப்புறமும் கூப்பிடணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க.

நான் கப்பல்ல ரேடியோ வேலை பாத்தவன். எங்க போனாலும் லெயோன் மோத்தா கை வச்ச செட்டுன்னா கேப்டன் மறுபேச்சு பேச மாட்டாரு. பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்லுதேன். வேலையை விட்டு ஊருக்கு வந்தப்ப, கமிட்டித் தலைவர் தொபியாஸ் இங்க வந்து இதே கட்டில்ல உக்காந்தாரு. நீங்க சொல்லுத அதே குறைதான். கடல்ல இருக்குற நம்ம வள்ளங்க பேசுறது கரைக்குக் கேக்கல, அண்ணாச்சி. பக்கத்து சேனல்ல பெரிய கப்பல் பேசினா அது மேல ஏறி உக்காந்துக்கிடுது. ஐஸ் கம்பெனி மோட்டார் ஓட ஆரம்பிச்சா கரகரன்னு காதே கிழியுது. நீங்கதான் பாக்கணும்னாரு.

பாத்தேன். கம்பெனிக்காரன் செட்டைச் செஞ்சதே அப்படித்தான். உள்ள வடிகட்டின்னு ஒண்ணு இருக்கும். நமக்கு வேணுங்கிற அலையை மட்டும் விட்டுட்டு மத்ததைத் தடுக்கணும். அதுக்குத்தான் அது இருக்கு. இவன் வச்சிருந்த வடிகட்டி எப்படின்னா, கல்யாண வீட்டுப் பந்தல் வாசல் மாதிரி. யாரு வேணும்னாலும் வரலாம். நான் சொன்னேன், இதைக் குறுக்கணும், கப்பல் செட்டுல இருந்து கழட்டுன நல்ல வடிகட்டி எங்கிட்ட இருக்கு, அதையும் சேத்துப் போட்டு ஒழுங்கா டியூன் பண்ணித் தாரேன்னு. தொபியாஸ் கையெடுத்துக் கும்பிட்டாரு. இன்னைக்கி அவரும் அந்தப் பக்கம் சேந்துக்கிட்டாரு, அது வேற கதை.

டியூன் பண்ணுறதுன்னா சும்மா காதால கேட்டுத் திருகுறது இல்ல தம்பி. வடிகட்டி எதை விடுது, எதைத் தடுக்குதுன்னு தெரியணும்னா, எல்லா அலையும் சமமாக் கலந்த ஒரு இரைச்சலை அதுக்குள்ள ஊத்தணும். சுத்தமான இரைச்சல். அதுக்குன்னு ஒரு சின்ன டப்பா நானே செஞ்சேன். இந்தப் பக்கம் இரைச்சல் உள்ள போகும், அந்தப் பக்கம் வடிஞ்சு வாரதை ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல பாக்கணும். திரையில ஒரு மேடு தெரியும். அந்த மேடுதான் வடிகட்டியோட முகம். உச்சி சமதளமா இருக்கணும், ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தா இறங்கணும். உள்ள வரிசையா கருப்புத் திருகுக இருக்கு. ஒண்ணைத் திருப்பினா இன்னொண்ணு கெடும். அதைச் சரி பண்ணினா மொதல்ல உள்ளது கெடும்.

சும்மா இல்ல. இரும்பு ஸ்க்ரூடிரைவரை உள்ள விட்டா அந்த இரும்பே மேட்டை நகட்டிரும். சரியா வந்துட்டுன்னு வெளிய எடுத்தா மறுபடி ஓடிரும். அதனால பிளாஸ்டிக் குச்சியைச் சீவி வச்சுத் திருகினேன். சரியா வந்துச்சு. டப்பாவுக்கு மூடியைப் போட்டேன். போட்ட உடனே மேடு ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. மூடியைத் தொறந்தா நேரா நிக்குது, மூடினா சாயுது. மனுஷனுக்கு எப்படி இருக்கும்? சரின்னு மூடியில துளை போட்டு, துளை வழியாவே குச்சியை விட்டுத் திருகினேன். கமிட்டி ரூம்புக்குத் தகரக் கூரை. காலையில சரி பண்ணினது மத்தியானச் சூட்டுல நகந்திரும். நடுவுல கரண்டு போகும். அந்த அனலைசரு வேற, தூத்துக்குடியில ஒரு காலேஜ்ல இரவல் வாங்கினது, அவன் திருப்பிக் கேட்டுக்கிட்டே இருக்கான். அந்தக் கோடை பூரா எனக்கு அதே சோலி. சோறு கொண்டாந்து வச்சா ஆறிப் போய்க் கிடக்கும்.

சோறு கொண்டாரது என் மவ மெற்றில்டா. அவதான் கரை செட்டுல உக்காந்து பேசுற ஆளு. வள்ளம் எங்க இருக்கு, காத்து எப்படி, யாருக்கு என்ன வேணும்னு கேட்டுக் கேட்டுச் சொல்லுவா. நல்ல குரல். அவளைக் கப்பல் கம்பெனியில வேலை பாக்குற ஒரு பையனுக்குக் கொடுக்கணும்னு பேசி வச்சிருந்தேன். அவ மேலத்தெரு இன்னாசியைத்தான் கட்டுவேன்னா. வள்ளத்துல தொழிலுக்குப் போறவன். நான் ஒண்ணும் தடுக்கல. கோயில்ல வச்சு, முன்வரிசையில நின்னு கட்டிக் கொடுத்தேன். அவன் இந்த வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நான் ஒருநாளும் சொன்னது கிடையாது. வான்னு சொல்லல. அவ்வளவுதான். அதை அவ பெருசாப் பிடிச்சிக்கிட்டா.

கடைசியில ஒருநாள் மேடு வந்துச்சு தம்பி. மூடி போட்டு, சூட்டுலயும் நகராம, உச்சி மேசை மாதிரி, ரெண்டு பக்கமும் கத்தியால வெட்டுன மாதிரி. செட்டுல திருப்பி மாட்டினேன். போட்டா, அப்படி ஒரு அமைதி. ஐஸ் கம்பெனி ஓடுது, கேக்கல. கப்பக்காரன் பேசுதான், கேக்கல. செட்டு ஓடுதா, நின்னுட்டான்னு தொபியாஸ் கேட்டாரு. அப்பப் பாத்து சூசையோட விசைப்படகு பேசுச்சு. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருந்துச்சு. தொபியாஸ் முகத்தைப் பாக்கணுமே.

ரெண்டு வாரம் கூட அந்தச் சந்தோஷம் நிக்கல. மெற்றில்டா வந்து சொன்னா, சில வள்ளங்க பேச்சு வரவே மாட்டேங்குது, வந்தாலும் கடிச்சுத் துப்புன மாதிரி வருதுன்னு. எந்த வள்ளம்னு கேட்டேன். பழைய செட்டு வச்சிருக்குற வள்ளம். அதுல ஒண்ணு இன்னாசியோடது. நான் உடனே சொல்லிட்டேன். அந்த செட்டுக எல்லாம் கெட்டுப் போயி, தன் இடத்தை விட்டு விலகி நிக்கி. சேனல் ஒரு இடத்துல இருக்க, அவன் பக்கத்துல நின்னு பேசுதான். பழைய வடிகட்டி அகலமா இருந்ததுனால அதுவும் உள்ள வந்துச்சு. இப்ப வராது. தப்பு எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க. பேசுறவன் சரியான இடத்துல நின்னு பேசணுமா, இல்ல கேக்குறவன் அவனைத் தேடிக்கிட்டுப் போகணுமா?

செட்டைக் கழட்டிக் கொண்டாரச் சொல்லு, அரை மணியில சரி பண்ணித் தாரேன்னேன். மத்தவங்க, சீசன் முடியட்டும் அண்ணாச்சின்னு இழுத்தாங்க. இன்னாசி கொண்டாரல. ஏன்னு கேட்டா மெற்றில்டா சொல்லுதா, நீங்க கூப்பிட்டா அவரே கொண்டாருவாருப்பான்னு. செட்டுக்குத்தான வேலை, ஆளுக்கு என்ன வேலை? நீ கொண்டா, நான் பாக்கேன்னேன். அவ கொண்டாரல. பாருங்க தம்பி, ஒரு சின்ன காரியம். ஒரு திருகைத் திருப்புற வேலை. இதுக்குப் போயி ரோஷம்.

அப்புறம் கச்சான், அந்த மேல்காத்து, ஆரம்பிச்சிட்டு. உங்களுக்குச் சொல்லணுமா, நம்ம கடல்ல கச்சான் அடிச்சா எஞ்சின் இல்லாத வள்ளத்தை நேரா வெளியதான் தள்ளும். கரைக்குத் திரும்பாது. அன்னைக்கி மத்தியானம் நான் கமிட்டி ரூம்புலதான் இருந்தேன். சூட்டுல மேடு நகருதான்னு பாக்க, அனலைசரைச் செட்டுல வடிகட்டிக்குப் பின்னால மாட்டி வச்சிருந்தேன். காத்து திடீர்னு ஏறுச்சு. வள்ளங்க ஒவ்வொண்ணாப் பேசுச்சு, திரும்புறோம், திரும்புறோம்னு. மெற்றில்டா பேரைச் சொல்லிச் சொல்லிச் சரி பாத்துக்கிட்டு இருந்தா. இன்னாசி வள்ளம் மட்டும் பேசல.

அவ கூப்பிட்டா. மறுபடி கூப்பிட்டா. பதில் இல்ல. செட்டு அமைதியா இருக்கு. என்ன மாதிரி அமைதி, என் கையால செஞ்ச அமைதி. நடுவுல ஒரு சத்தம், க்ரக்னு. துணியைக் கிழிச்ச மாதிரி. மறுபடியும் க்ரக். திரையில பாத்தேன். மேட்டோட ஓரத்துல, சுவர் இறங்குற இடத்துல, சின்னதா ஒரு முள் எழும்பி எழும்பி அடங்குச்சு.

"அப்பா, அது அவரு" அப்படின்னா.

நான் நிதானமாத்தான் சொன்னேன். அது பக்கத்து சேனல் கசிவு, நம்ம வாசலுக்கு உள்ள இல்ல, ஓரத்துல நிக்கி பாரு, அப்படின்னு விரலை வச்சுக் காட்டினேன். அவ திரையைப் பாக்கவே இல்ல. ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வச்சிக்கிட்டுச் சொன்னா.

"எனக்கு அவரு குரல் தெரியாதாப்பா?"

குரல்னு எங்க இருக்கு? க்ரக், க்ரக். அதுல எங்க குரல்? இதைத்தான் தம்பி நான் படிச்சவனுக்கும் படிக்காதவனுக்கும் சொல்லுதேன், காதை நம்பாத, அளவை நம்பு. காது ஆசைப்பட்டதைக் கேக்கும். அதை நான் அவளுக்கு விளக்கிக்கிட்டு இருக்கேன். நான் சொல்லி முடிக்கல. அவ என் பிளாஸ்டிக் குச்சியை எடுத்தா. மூடித் துளையில விட்டா. ஒரு கணக்கும் கிடையாது, வழக்கும் கிடையாது. ஒரு திருகைத் திருப்பினா, அடுத்ததைத் திருப்பினா.

என் மேடு சாஞ்சு போச்சு தம்பி. ஒரு தோள் இறங்கி, இன்னொரு தோள் பிதுங்கி, நடுவுல பள்ளம் விழுந்து, பாக்கச் சகிக்கல. அந்தக் கோடை பூரா நான் பட்ட பாடு. கையைப் பிடிச்சேன், உதறிட்டா. ஐஸ் கம்பெனி மோட்டார் உள்ள வந்துச்சு. எவனோ ஒரு கப்பக்காரன் எதையோ சாவகாசமாப் பேசிக்கிட்டு வந்தான். சந்தைக்கடை. அந்தச் சந்தைக்கடைக்கு நடுவுல இருந்து, பழைய மாதிரி கரகரன்னு, ஆனா விளங்குற மாதிரி வந்துச்சு.

"மெற்றில்டா... மெற்றில்டா... எஞ்சின் நின்னு போச்சு. கேக்குதா? மெற்றில்டா..."

கேக்குதுன்னு சொன்னா. அழல. கத்தல. எங்க இருக்கீங்க, ஜி.பி.எஸ்.ல என்ன காட்டுதுன்னு கேட்டு, சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, வெளியில கிடந்த சூசையோட விசைப்படகைக் கூப்பிட்டு, போயிப் பிடிங்க அண்ணே, மூணு பேரு இருக்காங்கன்னு சொன்னா. வெளிச்சம் போறதுக்குள்ள சூசை கயிறு கட்டி இழுத்துட்டு வந்துட்டாரு. கரை பூரா ஜனம். நானும் போய் நின்னேன். இன்னாசி இறங்கி வந்தான். உப்புல வெந்த முகம். ரொம்ப நேரமாக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்னு தொபியாஸ்ட்ட சொல்லிக்கிட்டு இருந்தான். நான் குனிஞ்சு சூசையோட கயிறைச் சுருட்டினேன். யாராவது சுருட்டணுமில்ல.

அவங்க பிழைச்சு வந்ததுல எனக்குச் சந்தோஷம் இல்லன்னு நினைக்காதீங்க. நல்லா இருக்கட்டும். என் மவளுக்குப் புருஷன். ஆனா ஒரு வேலையை ஒரு மூச்சுல கலைச்சிட்டு, ஒரு வார்த்தை, கலைச்சிட்டேன்பான்னு சொல்லணுமா வேண்டாமா? மறுநாள் கமிட்டி கூடுச்சு. மெற்றில்டாவுக்கு மாலை. நான் எந்திரிச்சுச் சொன்னேன், சரி, ஆபத்துக்குச் செஞ்சா, இப்ப மறுபடி டியூன் பண்ணிரலாம், பழைய செட்டுகளை நான் சரி பண்ணித் தாரேன்னு. தொபியாஸ் எங்கிட்ட வந்து தோளைத் தொட்டுச் சொன்னாரு.

"அசிங்கமா கேட்டாலும் பரவாயில்ல அண்ணாச்சி. கேக்கட்டும்."

சபையே தலையை ஆட்டுது. நான் என்ன செய்ய? அடுத்த நாள் குச்சியை எடுத்துக்கிட்டுப் போறேன், மூடித் துளையெல்லாம் அடைச்சுக் கிடக்கு. மெழுகுவர்த்தியை உருக்கி ஊத்தியிருக்கா. இனி அதைச் சுரண்டித்தான் எடுக்கணும். அதோட, ரூம்புல கிடந்த என் சாமானையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. இரைச்சல் டப்பா உள்ள. டம்மி லோடு உள்ள. அனலைசரை மட்டும் காலேஜ்காரனுக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன், இன்னும் கொடுக்கல. நான் பெத்த மவ, எங்கிட்ட இருந்து ஒரு செட்டைப் பூட்டி வைக்கா. யாருட்ட போயிச் சொல்ல?

ஒண்ணு மட்டும் நான் சொன்னது நடந்துச்சு. பழைய செட்டையெல்லாம் மோத்தாட்ட காட்டிச் சரி பண்ணிட்டுத்தான் கடலுக்குப் போகணும்னு கமிட்டி சொல்லிட்டு. மொதல்ல வந்தது இன்னாசி. வாசல்ல வந்து நின்னான், செட்டைத் துண்டுல சுத்திக் கையில வச்சிக்கிட்டு. வச்சிட்டுப் போ, பாத்துத் தாரேன்னேன்.

"நானும் நிக்கேன் மாமா. எதையாவது பிடிக்கணும்னா பிடிக்கேன்" அப்படின்னான்.

நான் வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. வந்துட்டான். அந்தா, நீங்க உக்காந்திருக்குற இடத்துலதான் உக்காந்தான்.

செட்டை மேசையில வச்சுப் பாத்தேன். நான் சொன்னதுதான், விலகித்தான் நின்னுச்சு. இப்படிச் சரி பண்ணும்போது செட்டுல இருந்து கிளம்புறது வெளிய போயிரக் கூடாது. அதை விழுங்கத்தான் டம்மி லோடு. அதைத்தான் பூட்டி வச்சிட்டாளே. வேற வழியில்லாம கூரையில நிக்குற ஆன்டெனாவையே மாட்டினேன். நான் ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டேன், மாட்டினா வெளிச் சத்தம் எதுவும் கேக்காது. அதுல ஒரு விசில் சத்தம் வரும். செட்டு சரியான இடத்துக்கு வர வர அந்த விசில் இறங்கிக்கிட்டே வந்து, சரியா நின்னதும் அடங்கிரும். பேச்சு அதுல விளங்காது, குழம்பிப் போயிக் கொழகொழன்னு கேக்கும். ஆனா பேசினாத்தான் திரையில அலை ரெண்டு பக்கமும் சமமா விரியுதான்னு பாக்கலாம். அதனால மைக்கை அவன் கையில கொடுத்துப் பேசுன்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவன்ட்ட நான் சேந்தாப்புல பேசினது அன்னைக்கித்தான்னு நினைக்கேன்.

"என்ன பேச மாமா?"

"என்னத்தையாவது பேசு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

ஆரம்பத்துல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினான் போல. வாயசைவு அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் எண்ணுற மாதிரி இல்ல. எனக்கு விசில்தான். நான் திருகைப் பாக்கேன், திரையைப் பாக்கேன். நடுவுல ஒருதரம் நிமிந்தா, அவன் என் கையையே பாத்துப் பேசிக்கிட்டு இருக்கான். முகத்தைத் துடைச்சான். வேக்காடு, ஃபேன் போடலன்னு நினைச்சேன். விசில் இறங்கி, இறங்கி, அடங்கிட்டு. அச்சு மாதிரி நின்னுச்சு. ஹெட்போனைக் கழட்டிட்டுப் போதும், சரியாயிட்டுன்னேன். அவன் மைக்கை வச்சான். சரி மாமான்னு செட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அன்னைக்கிச் சாயந்திரம் நான் கடைக்குப் போறேன். ஏலக்கூடத்துல உக்காந்திருந்தவங்க எந்திரிச்சு வழி விட்டாங்க. தொபியாஸ் வந்து கையைப் பிடிச்சாரு, பிடிச்சிட்டு விட்டுட்டாரு. மீன் விக்கிற அந்தோணியம்மா ஒரு சீலாத்துண்டைத் தூக்கிப் பையில போட்டு, கொண்டு போங்கண்ணேன்னா. எல்லாம் கேட்டிருக்காங்க. செட்டு சரியான இடத்துக்கு வந்துட்டுல்ல, ஆன்டெனா வேற மாட்டியிருக்கு, கடல்ல கிடந்த வள்ளம் பூரா, கரை செட்டு, எல்லாத்துலயும் அவன் பேசினது அப்படியே போயிருக்கு. மெற்றில்டா வந்தா. கல்யாணத்துக்கப்புறம் ஒருநாளும் இல்லாம, அன்னைக்கி என்கூட உக்காந்து சாப்பிட்டா. அவன் என்னதான் பேசினான்னு கேட்டேன். எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வச்சிட்டு, "அவருட்டயே கேளுங்கப்பா" அப்படின்னா.

எப்படித் தம்பி கேக்க? என் முன்னால உக்காந்து, என் மூஞ்சிக்கு நேரா பேசினவன். அவன்ட்ட போயி, நீ என்னல பேசினேன்னு ஒரு மனுஷன் எப்படிக் கேப்பான்? தொபியாஸ்ட்ட கேக்கலாம்னா, சபையில என்னை உக்கார வச்சவரு. ஊர்ல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டேங்குதான். நானும் தெரிஞ்ச மாதிரியே நடந்துக்கிட்டு இருக்கேன். ராத்திரி படுத்தா அந்த வாயசைவுதான் வருது. கடல்ல கிடந்ததைச் சொன்னானா, என்னைச் சொன்னானா, ஒண்ணும் பிடிபடல.

வாரேன் தம்பி, உங்க ஊருக்கு வாரேன். சுத்தமாப் பண்ணித் தாரேன். அதுக்கு முன்னால ஒண்ணு. நீங்களும் உங்க ஊர்ல செட்டுல உக்காருற ஆளுன்னுதான சொன்னீங்க? உங்க செட்டைத்தான் யாரும் இன்னும் குறுக்கலையே, எல்லாத்தையும் கேக்குமே. போன செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். இன்னாசி பேசினதை நீங்க கேட்டிருப்பீங்க. நீங்க உள்ள வரும்போதே ஒரு மாதிரி பாத்தீங்க, நான் கவனிச்சேன்.

என்ன சொன்னான்?

சொல்லுங்க தம்பி. ஏன் தரையைப் பாக்கீங்க? சொல்லுங்க. நான் குறுக்க பேசல.